கிளினிக் போகும் நாளுக்கும் பேர் வேண்டும்

மழை நாளில் மலையில் வழுக்கி விழுந்து தோள் தசைநார் அறுந்துபோன அக்காமாரை நாம் பார்த்திருக்கிறோம். கொழுந்தைப் பறித்துப் பறித்துப் பின்னால் கூடையில் போட்டே தோள் தேய்ந்தவர்களும் நம்மிடையே உண்டு. அரசாங்க வைத்தியசாலையில் இவர்களுக்குப் பணம் வாங்காமல் சத்திர சிகிச்சை செய்கிறார்கள். இந்த நாட்டு ஏழைத் தொழிலாளிக்கு அது பெரிய பலம்.

நமது கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தசைநாரைத் தைத்த பின் சாதாரணமாக நாலு முதல் ஆறு வாரம் கையைக் கட்டி வைப்பார்கள். பிறகு பல மாதம் பிசியோதெரபி செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால் தோள் இறுகிவிடும். கொண்டை முடியக்கூடக் கை எழும்பாது. கொழுந்து பறிப்பது எப்படி?

தோட்ட டிஸ்பென்சரியில் பிசியோதெரபி கிடையாது. நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ கண்டிக்கோ போக வேண்டும். போகும் நாளில் பேர் இல்லை. பஸ் காசும் கையிலிருந்துதான். இதே காயம் கம்பனிக் காப்புறுதி உள்ள ஓர் உத்தியோகத்தருக்கு வந்தால் அவருக்குச் சம்பளத்தோடு லீவு உண்டு. காப்புறுதியில் இடமிருந்தால் டவுனிலேயே தனியாரிடம் பயிற்சி எடுக்கலாம். நம்மவர்கள் நாலு தடவை போய்விட்டு நின்றுவிடுகிறார்கள். "கவனமில்லாத சனம்" என்று பழி மட்டும் வருகிறது. அடுப்பு எரிய வேண்டுமே என்பதை யாரும் நினைப்பதில்லை.

நமக்கென்று இருப்பது 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம். வேலையில் காயம்பட்டால் தோட்ட நிர்வாகம் நட்டஈடு தர வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் எவ்வளவு ஊனம், எவ்வளவு சம்பளம் என்று பார்த்தே அந்தத் தொகையைக் கணக்கிடுகிறார்கள். கை முடங்கியதற்கு விலை போடுகிற கணக்கு அது. கை முடங்காமல் காப்பாற்ற நாம் இழக்கும் கிளினிக் நாட்களுக்கு அதில் என்ன கணக்கு இருக்கிறது? வருடக்கணக்கில் தேய்ந்த தோளை "விபத்து" என்று ஒப்புக்கொள்ள வைப்பது இன்னும் பெரிய போராட்டம்.

ஆகவே கம்பனிகளிடம் நாம் மூன்று விடயங்களைக் கேட்கிறோம். வைத்தியர் எழுதிக்கொடுத்த பிசியோதெரபி நாட்களுக்கு முழுப் பேரும் பஸ் காசும் வேண்டும். கை சரியாகும் வரை பாரம் தூக்காத இலகு வேலை தர வேண்டும். தொழிலாளருக்குக் காப்புறுதி பேசும்போது, வார்டில் தங்காமல் கிளினிக் வந்து எடுக்கும் பயிற்சியும் அதில் எழுதப்பட வேண்டும். பல காப்புறுதிகள் வார்டில் தங்கினால் மட்டுமே பணம் தரும். அது தெரியாமல் கையெழுத்து வைத்துவிட்டுப் பிறகு ஏமாறக்கூடாது.

அதுவரை நாமும் சிலதைச் செய்ய வேண்டும். விழுந்த அன்றே வெளிக்கள உத்தியோகத்தரிடம் சொல்லிப் பதிய வைப்போம். டயக்னோசிஸ் கார்டையும் கிளினிக் கொப்பியையும் பத்திரப்படுத்துவோம். வீட்டில் செய்யக்கூடிய பயிற்சியைக் கேட்டுப் பழகுவோம். நட்டஈட்டுத் தாளில் கையெழுத்து வைக்க முன் தோட்டத் தலைவரிடம் காட்டுவோம்.

இந்தக் கைகளை வைத்துத்தான் தேயிலை கப்பலேறுகிறது. அந்தக் கை குணமாகும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டுவதை நாம் ஏற்கமாட்டோம்.