இரு கடல்களுக்கு நடுவே ஒரு நகரம்: சால்மனும் சாளையும்

பெங்களூரில் 'பருவத்துக்கேற்ற சமையல்' என்னும் சொற்றொடர் அண்மைக்காலமாக அடிக்கடி காதில் விழுகிறது. அடுக்ககங்களில் வார இறுதி உழவர் சந்தைகள் கூடுகின்றன. பெரிய அங்காடிகளின் குளிர்ப்பெட்டிகளில் இளஞ்சிவப்பு சால்மன் துண்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை எலுமிச்சையும் தண்ணீர்விட்டான் குருத்தும் சேர்த்து வாட்டியெடுக்கும் காணொளிகளுக்கும் குறைவில்லை. வீட்டில் சமைப்பதையும் விளைவித்தவரிடம் நேரே வாங்குவதையும் நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆயினும், அந்தச் சமையலின் பொருள்களை இறக்குமதி செய்த நாம் அதன் முறையைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்பதே என் கருத்து.

சால்மனுக்குப் பருவம் உண்டு. ஆனால் அது அலாஸ்காவில். ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை அம்மீன்கள் கடலிலிருந்து தாம் பிறந்த ஆறுகளுக்குத் திரும்புகின்றன. அதே மாதங்களில் அங்குள்ள தோட்டங்களில் விளையும் கீரையும் பட்டாணியும் அதனோடு தட்டில் சேர்வது இயல்பு. நம் நகருக்கு வரும் சால்மனோ பெரும்பாலும் நார்வேக் கடற்கூண்டுகளில் தீவனமிட்டு வளர்க்கப்பட்டது. அதன் நிறம்கூடத் தீவனத்தில் சேர்க்கும் அஸ்டாசாந்தின் என்னும் நிறமியால் வருவது. ஆண்டின் எந்த வாரத்திலும் அது கிடைக்கும். விமானமேறி இங்கு வந்துசேர்வதற்குள் சில நாள்கள் கடந்திருந்தாலும், உறைய வைக்கப்படாதது என்னும் ஒரே காரணத்தால் 'ஃப்ரெஷ்' என்ற ஒட்டுத்தாள் அதன்மேல் தங்கிவிடுகிறது. பருவமே இல்லாத ஒரு மீனைக் கொண்டு பருவச் சமையல் செய்வது விந்தைதான்.

இடையில் ஒன்று. 'இந்தியன் சால்மன்' என்று பட்டியலில் கண்டால் ஏமாற வேண்டாம். அது நம் காலா மீன், மும்பையில் ராவஸ். சால்மனுக்கும் அதற்கும் குடும்ப உறவு ஏதுமில்லை. நல்ல மீன்தான், சொந்தப் பெயரிலேயே விற்கப்படும் தகுதி அதற்கு உண்டு.

கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே, கடலே இல்லாத ஊரில் மீனுக்கு ஏது பருவம் என்று கேட்கலாம். உண்மையில் மீன் வாங்குவோருக்கு இந்நகரைப் போல் வாய்ப்பான இடம் குறைவு. கிழக்கே சென்னையும் மேற்கே மங்களூரும் சாலைவழியே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளன. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். ஒரு கரை ஓய்வெடுக்கும்போது மற்றொன்று உழைக்கிறது. இரு கரைகளின் விசைப்படகுகளும் சேர்ந்து நிற்பது ஜூன் முதல் பதினான்கு நாள்கள் மட்டுமே. இந்த நாள்காட்டியைச் சமையலறையில் மாட்டிவைத்தால் ஆண்டு முழுமைக்குமான சமையல் திட்டம் பாதி முடிந்துவிடும்.

ஏப்ரல் பின்பாதியிலும் மே மாதத்திலும் மேற்குக் கரை அயிலையை, இங்கே பங்குடே என்பார்கள், ராமநகரப் பக்கத்திலிருந்து வரும் மாங்காயோடு சேர்த்துக் குழம்பு வைக்கலாம். அப்போது புளி வேண்டியதில்லை. ஜூன் முதலிரு வாரங்கள் கருவாட்டுக்கு உரியவை: கேழ்வரகுக் களியும், கத்தரிக்காய் சேர்த்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும், முதல் மழைக்குத் தழைத்த கீரையும். ஜூன் நடுவிலிருந்து கிழக்குக் கரை மீன் வரத் தொடங்கும். ஆகஸ்டில் மேற்குப் படகுகள் இறங்கியபின் சாளைக்குக் காத்திருக்கலாம். பருவமழைக் காற்று கடலடியிலிருந்து சத்துமிக்க நீரை மேலே கொணர, மிதவை உயிர்கள் பெருக, அவற்றைத் தின்று சாளை கொழுக்கும். சட்டியில் தன் எண்ணெயிலேயே பொரியும் சாளையைக் கண்டவருக்கு ஒமேகா-3 பற்றி எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஒரு கிலோ சால்மனின் விலைக்குப் பல கிலோ சாளை வாங்கலாம் என்பதையும் ஓர் ஆய்வு மாணவரின் உதவித்தொகை மறக்க விடுவதில்லை.

காய்கறியில் இந்நகருக்குக் கற்பிக்க எவருமில்லை. ஹாப்காம்ஸ் 1959-இல் திராட்சை பயிரிடுவோர் கூட்டுறவுச் சங்கமாகத் தொடங்கியது. மதுரையில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பரில் திறக்கப்படுவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, விளைவிப்பவரே கூடி விற்கும் முறை இங்கே வேர்விட்டிருந்தது. கார்த்திகையின் கடைசித் திங்களன்று பசவனகுடியில் கடலைக்காய் பரிசை கூடுகிறது. அதன்பின் குளிர் இறங்கும்போது விசுவேசுவரபுரத்தில் அவரைக்காய் மேளா.

அந்த அவரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பை இங்கே 'ஹிதுகித பேளே' என்கிறார்கள். வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அதுவே பிதுக்கம் பருப்பு. பழைய பகரம் கன்னடத்தில் ஹகரமாக மாறும் என்பதற்குப் பால், ஹாலு என்று வகுப்பில் எடுத்துக்காட்டுவோம். இனி மேளாவில் ஒரு தட்டு வாங்கிக் கொடுத்தே விளக்கலாம். மொழி எல்லையை இந்தப் பருப்பு எந்த வழக்கும் இன்றிக் கடந்திருக்கிறது.

நாட்டு அவரை பகற்பொழுது குறுகினால்தான் பூக்கும். அதனால்தான் அது குளிர்காலக் காய். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஹெப்பாள் அவரை வகைகள் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் ஆண்டு முழுதும் காய்க்கின்றன. பருவம் தவறிய காலத்தில் நல்ல விலை பெறும் சிறு உழவரிடம் போய் இயற்கையின் ஒழுங்கைப் பற்றிப் பேச எனக்கு மனமில்லை. பருவம் என்பது சமயக் கட்டளையன்று. மார்கழிப் பனியில் விளைந்த காயின் மணம் எனக்கு வேண்டும். ஜூலையில் விற்கும் உழவருக்கு வருவாய் வேண்டும். இரண்டுக்கும் இந்நகரில் இடமுண்டு.

மணம் என்றதும் எழுதியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. அவரையின் மணத்துக்குக் கன்னடத்தில் 'சொகடு' என்று தனிச்சொல்லே உண்டு. அதைக் கொண்டாடுகிறார்கள், நானும்தான். அதே நகரில் வாடகைக்கு வீடு தேடும்போது முதற்கேள்வியாக 'மீன் சமைப்பீர்களா?' என்பதே வருகிறது. கருவாடு என்ற சொல்லைக் கேட்டாலே கதவு சாத்தப்படும். ஒரு வீட்டின் மணம் பண்பாடு; இன்னொரு வீட்டின் மணம் புகார். இந்த இடத்தில்தான் சால்மன் தன் உண்மையான பணியைச் செய்கிறது என்று கருதுகிறேன். செதிலும் தலையும் நீக்கி, நெகிழித்தாளில் சுற்றி, ஆங்கிலப் பெயரோடு வரும் அது, சாதியும் வர்க்கமும் மூக்கைச் சுளிக்காத மீனாக இருக்கிறது. உடல்நலம், பருவம் என்னும் சொற்கள் அதற்குத் துணைநிற்கின்றன. சாளைக்கு அந்த உடல்நலம் எல்லாம் இருந்தும், அடுக்ககத்தின் மின்தூக்கியில் அது ஒளிந்தே வர வேண்டியிருக்கிறது.

சாளையைப் புகழ்ந்தால் அதையும் தின்று தீர்த்துவிட மாட்டோமா என்பது நியாயமான மறுப்பு. 2012-இல் கேரளக் கரையில் உச்சத்தைத் தொட்ட சாளை வரத்து அடுத்த சில ஆண்டுகளில் சரிந்தது உண்மை. கேரளம் அதற்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர் நீளம் வேண்டும் என்று வரம்பு வகுத்திருக்கிறது. பருவமறிந்து வாங்குவதன் பொருள் இதுவும்தான்: விரல்நீளக் குஞ்சுகள் குவிந்திருந்தால் வெறுங்கையோடு திரும்புவது, அன்று முருங்கைக்கீரையோடு நிறைவடைவது. கூண்டில் வளரும் சால்மனுக்கும் மீன்தூளும் மீனெண்ணெயும் தீவனமாகின்றன; அவையும் ஏதோவொரு கடலில் பிடித்த சிறுமீன்களே.

நம் இலக்கண மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தது. ஒவ்வொரு திணைக்கும் அதற்குரிய உணவைக் கருப்பொருளாக வைத்தது. முன்பனிக்கு முன்னமே 'சீசனல்' என்ற சொல்லைக் கடன்வாங்க ஓடுவது எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

சிவாஜிநகர் ரஸ்ஸல் சந்தைக்கு இந்த ஞாயிறு காலை செல்ல எண்ணியிருக்கிறேன். உடன்வர விரும்பும் நண்பர்கள் எழுதலாம். கூடவே ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊரில் பிதுக்கம் பருப்புக்கும் சாளைக்கும் வழங்கும் பெயர்களையும், அவை முதன்முதலாகச் சந்தைக்கு வரும் மாதத்தையும் கீழே குறிப்பிடுங்கள். தடைக்கால நாள்காட்டியின் பக்கத்தில் அவற்றை எழுதி ஒட்டிவைக்க இடம் ஒதுக்கியிருக்கிறேன்.