விஞ்ஞானியும் ஆசிரியரும்

கல்லூரிகள் தம் விழாக்களைக் கொண்டாடுங் காலத்தில், தம்மை ஆளாக்கிய கல்வித் தாய்க்கு யாது கைம்மாறு செய்வோம் எனப் பழைய மாணவர் எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் பெரும்பாலும் கட்டடமாகவும் கருவியாகவுமே உருப்பெறுகின்றது. ஆய்வுகூடத்துக்குத் தொலைநோக்கி ஒன்று வரும், வரவேற்பு நடைபெறும், படம் எடுக்கப்படும். பின்னர்த் தொலைநோக்கி அலுமாரியிற் புகும். அலுமாரியின் திறப்பு மேசைக்குட் புகும். அதனை இயக்கத் துணிந்த ஆசிரியர் ஒருவர் இல்லாதவிடத்து வேறென் நிகழும்? கருவியைக் கொடுத்தலினும் அதனைக் கையாளும் ஆசிரியரை ஆக்குதலே முதன்மையானது என்பதும், விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் ஒருங்கமர்ந்து நடத்தும் செயலமர்வுகளே அதற்குரிய நல்வழி என்பதும் எமது துணிபு.

பௌதிகவியலும் வானியலும் சொல்லால் மட்டுங் கற்பிக்கத் தக்கன அல்ல. ஊசலின் ஆட்டக் காலம் குண்டின் திணிவைப் பொறுத்ததன்று என்பதை மனனஞ் செய்து ஒப்புவிக்கும் மாணவனிடம், ஒரே நீளமான இரு நூல்களில் ஒரு சிறு கல்லையும் ஒரு பெருங் கல்லையும் கட்டிக் கொடுத்து, எது விரைந்து ஆடும் என வினவுக; பெருங்கல்லே என்று அவன் கூறினும் வியப்பில்லை. நூலறிவு ஒரு பக்கமும் உள்ளத்து நம்பிக்கை மற்றொரு பக்கமுமாகப் பிரிந்து கிடத்தலே இதற்குக் காரணம். ஆசிரியர் பலரும் இவ்வாறே கற்று வந்தோர். தாம் செய்து காணாத ஒன்றைப் பிறரைக் கொண்டு செய்விக்க ஒருவர் அஞ்சுதல் குற்றமன்று. அவ்வச்சத்தை நீக்க வழிசெய்யாது அவரைக் குறை கூறுதலே குற்றம்.

இம்முயற்சி புதியதன்று. 1956ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஜெறோல்ட் சக்கரையாஸ் என்பார் பாடசாலைப் பௌதிகவியலைத் திருத்தி அமைத்தற்கெனக் குழுவொன்றைக் கூட்டினார். மறு ஆண்டு ஒக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணிற் செலுத்தவே, விஞ்ஞானக் கல்வியில் அமெரிக்க அரசு கொண்ட கவலை பெரிதாயிற்று, பொருளும் பெருகிற்று. 1960இல் அக்குழுவின் பாடநூல் வெளிவந்தது. கோடை விடுமுறைகளில் ஆசிரியர்க்குப் பயிற்சிகள் நடந்தன. ஆயினும் அம்முயற்சியில் எண்ணுவோர் பெரும்பாலும் விஞ்ஞானிகளாகவும், ஏற்போர் ஆசிரியராகவுமே இருந்தனர்.

இக்குறையை நிறைசெய்த முயற்சியொன்று எமது அயல்நாட்டில் நிகழ்ந்தது. 1972ஆம் ஆண்டில், இந்தியாவின் மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத் மாவட்டத்தில், கிஷோர் பாரதி, ரசூலியா கிராம நிலையம் என்னும் இரு தொண்டு அமைப்புக்கள் பதினாறு நடுநிலைப் பாடசாலைகளில் விஞ்ஞானத்தைப் பரிசோதனை வாயிலாகக் கற்பிக்கத் தொடங்கின. பம்பாய் தாத்தா ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகளும் தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் விடுமுறைகளில் அங்குச் சென்று, கிராம ஆசிரியரோடு தரையில் அமர்ந்து மின்சுற்று அமைத்தனர், ஊசலாட்டினர், வானத்தை நோக்கினர். 1978இல் அத்திட்டம் மாவட்டத்து நடுநிலைப் பாடசாலைகள் அனைத்திற்கும் விரிந்தது. 1982இல் அதனை மேற்கொண்டு நடத்துதற்கு ஏகலைவா என்னும் நிறுவனம் தோன்றிற்று.

அம்முயற்சியின் சிறப்பு மூன்று நிலைகளில் விளங்கும். பயிற்சி பெற்ற ஆசிரியர் பின்னர்த் தாமே பயிற்றுநராயினர் என்பது ஒன்று. விடுமுறைப் பயிற்சியோடு விட்டுவிடாது, ஆசிரியர் மாதந்தோறுங் கூடித் தத்தம் வகுப்பில் நேர்ந்த இடர்களை ஆராய்ந்தனர் என்பது மற்றொன்று. மாணவர் புத்தகத்தைத் திறந்து வைத்தே விடையெழுதவும், கருவியைக் கையாண்டு காட்டவும் வேண்டுமெனத் தேர்வு முறையே மாற்றப்பட்டமை மூன்றாவது. தேர்வு மாறாதவிடத்து வகுப்பு மாறாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். எனினும், முப்பது ஆண்டு நடந்த அத்திட்டம் 2002இல் மாநில அரசின் ஆணையால் நிறுத்தப்பட்டது. பல்லாண்டு உழைப்பில் உருவாகியது ஓர் ஆணையில் ஒழியும் என்பதும் நாம் அதனிடத்துக் கற்கும் பாடமேயாம். அரசின் ஆதரவு வேண்டற்பாலதே. ஆனால் ஆசிரியரின் கையிற் படிந்த பழக்கத்தை எவ்வாணையும் பறித்தல் இயலாது.

பேராய்வு நிலையங்களும் இவ்வுண்மையை உணர்ந்துள்ளன. ஜெனீவா நகரை அடுத்துள்ள சேர்ண் என்னும் ஐரோப்பிய ஆய்வு நிறுவனம் 1998 முதல் பல நாட்டு உயர்நிலைப் பாடசாலை ஆசிரியரை அழைத்துப் பயிற்சி அளித்து வருகின்றது. மாபெரும் துகள் முடுக்கிகளைக் கொண்ட அவ்விடத்தில் ஆசிரியர் செய்து பழகுவனவற்றுள் ஒன்று யாதெனின், அற்ககோலும் உலர்பனிக்கட்டியுங் கொண்டு ஒரு சிறு பெட்டியில் முகிற்கூடம் அமைத்து, அண்டக் கதிர்களின் தடங்களைக் கண்ணாற் காண்டலாகும். காட்சிக்குரியது பெரிது, கைக்குரியது சிறிது. வகுப்பறைக்குத் திரும்பி வருவது கைக்குரியதே.

அங்ஙனமாயின், உலர்பனிக்கட்டியும் கிட்டாத நம் பாடசாலைகளில் யாது செய்யலாம்? ஒரு மீற்றர் நீளமான நேர்க் கோலொன்றே போதும் என்போம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் ஞாயிறு யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கின்றது. நட்ட கோலுக்கு நண்பகலில் நிழலில்லை. ஆவணியில் மீண்டும் அவ்வாறே நிகழும். அந்நண்பகலோ கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும் வேளையன்று. ஏறத்தாழப் பத்து நிமிடம் பிந்தியது. நமது நாட்டின் நேரம் 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டுக்கு உரியதாக, யாழ்ப்பாணம் 80 பாகையில் இருத்தலே காரணம். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் எனக் கணக்கிட்டால் விடை தானே வரும்.

அதே நாளில், ஏறத்தாழ அதே நெடுங்கோட்டில் அமைந்த கொழும்பில், ஒரு மீற்றர்க் கோலின் நண்பகல் நிழல் ஐந்து சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகத் தெற்கு நோக்கி விழும். அந்நிழல் காட்டுங் கோணம் ஏறத்தாழ 2¾ பாகை. இரு நகர்க்கும் இடையே தென்வடலாக உள்ள தூரம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். இவற்றைக் கொண்டு கணிக்கப் புவியின் சுற்றளவு 40,000 கிலோமீற்றருக்கு அண்மையில் வரும். நிழலை அளப்பதில் ஒரு மில்லிமீற்றர் பிழைப்பினும் விடை 800 கிலோமீற்றர் அளவு பிழைக்கும். வழு என்பது யாது என்பதனை இதனினும் நன்கு கற்பிக்கும் பாடம் உண்டோ? யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவரும் கொழும்பு ஆசிரியர் ஒருவரும் தம் மாணவரோடு கூடி உலகை அளந்தனர் என்னும் பெருமையும் உடன் வரும்.

பாடவிதானத்தை முடிக்கவே காலம் போதாது. இவற்றுக்கு நேரம் எங்கே எனச் சிலர் வினவுவர். அவ்வினா நேர்மையானதே. எழுத்துத் தேர்வொன்றே அளவுகோலாக இருக்குங்காறும் ஆசிரியர் அதற்கே கட்டுண்டிருப்பர். அவர்மேற் பழிசுமத்துதல் தகாது. ஆயினும், செய்து கண்ட மாணவன் வினாத்தாளின் முன்னும் தடுமாறான் என்பது யாம் உறுதியாகக் கொண்ட கருத்து. விஞ்ஞானி ஆய்வு செய்க, ஆசிரியர் கற்பிக்க என்று வேறு சிலர் வரம்பு கட்டுவர். விஞ்ஞானி அறிந்தது பொருள். ஆசிரியர் அறிந்தது பிள்ளையின் மனம். ஒன்று மற்றொன்றின்றி வகுப்பறையில் நிறைவுறாது. ஆதலின், செயலமர்வில் விஞ்ஞானி மேடையில் நின்று சொற்பொழிவாற்றி விடைபெறுவாராயின் அது விழாவேயன்றிப் பயிற்சியன்று. திட்டம் வகுக்கும் நாள் தொட்டே ஆசிரியர் அவரோடு சமமாக அமர்தல் வேண்டும்.

எமது கல்லூரியின் பழைய மாணவருள் பௌதிகவியல் வல்லுநரும் பொறியியலாளரும் பல்கலைக்கழக ஆசிரியரும் பலர் உளர். கடல் கடந்து வாழ்வோரும் உளர். விடுமுறைக்கு ஊர் வருங்கால் அவர்கள் மூன்று நாள்களை ஒதுக்குக. நம் கல்லூரி ஆசிரியரை மட்டுமன்றி, ஆய்வுகூடமே இல்லாத அயற் பாடசாலை ஆசிரியரையும் அழைக்குக. ஆறு திங்கள் கழித்து அதே ஆசிரியரை மீண்டுங் கூட்டி, வகுப்பில் யாது நிகழ்ந்தது என்று கேட்டறிக. தொலைநோக்கி வாங்கும் பொருளிற் சிறு பங்கே இதற்குப் போதும். அதன் பின்னர்த் தொலைநோக்கியும் வரட்டும். அப்பொழுது அதற்கு அலுமாரியிற் கிடக்க நேரம் இராது.