ஜவ்வாது மலை ஓடைக்கு யார் காவல்?

நண்பர்களே, ஜமுனாமரத்தூர் போய் பீமன் அருவியில் குளிச்சிருக்கீங்களா? தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனா தெளிவு வேற, சுத்தம் வேற!

நிலக்கரி எரிச்சா கந்தக டை ஆக்சைடு வரும். வண்டிப் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு வரும். ரெண்டும் காற்றோட பல நூறு கிலோமீட்டர் போய், மழையில் அமிலமா இறங்கும். நம்ம நாட்டுப் புழுதியில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து அதைப் பெருமளவு சரிக்கட்டுது. ஆனா ஜவ்வாது மலையின் கடினப் பாறையில் சுண்ணாம்பு குறைவு. ஓடைக்குத் தாங்குற சக்தியும் குறைவு.

அடுத்தது வெப்பம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 தான். வறட்சியில் உப்பு கூடும். திடீர்ப் பெருமழையில் மண் கரைஞ்சு வரும்.

2015-ல் அனல்மின் நிலையங்களுக்குக் கந்தகப் புகை வரம்பு விதிச்சது ஒன்றிய அரசு. கெடுவைத் தள்ளித் தள்ளி, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக நீக்கும் கருவியே கட்டாயமில்லைன்னு சொல்லிடுச்சு! புகை ஒருத்தரோடது, தண்ணி மலைமக்களோடது. இது என்ன நியாயம்?

இங்கே பிறக்கிற செய்யாறு பாலாற்றில் சேருது. பாலாறு தோல் கழிவில் கெட்ட பிறகுதான் 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துச்சு. மறுபடியும் கெட்ட பிறகுதான் விழிக்கணுமா?

நம்ம கோரிக்கை ரெண்டு: விலக்கைத் திரும்பப் பெறு! மலை ஓடைகளின் நீரை மாதந்தோறும் சோதித்து, முடிவை ஊராட்சிப் பலகையில் எழுது!

சரின்னு பட்டா பகிருங்க.

#ஜவ்வாதுமலை #நம்மநீர்நம்உரிமை