தபாலில் வரும் பட்டம்

நெசவாளர், விவசாயிகள் இல்லங்களில் பட்டதாரிகள் பெருகி வருவது நாம் யாவரும் மகிழத்தக்க செய்தியாகும். ஆயினும் அவர்களிற் பலர் தமது பட்டமளிப்பு விழாவுக்குச் செல்வதில்லை. "போய் என்ன ஆகப்போகிறது? பட்டம் தபாலில் வந்துவிடும்" என்கின்றனர். ஒரு நாள் கூலி, பஸ் செலவு, அங்கி வாடகை ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் அவர்கள் கூற்று நியாயமாகவே தோன்றும்.

நானும் அவ்விதம் கணக்குப் பார்த்தவனே. என் பட்டம் பதிவுத் தபாலில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தறிக்குத் தார் சுற்றி என்னைப் படிக்க வைத்த தாயார், அவ்வுறையைக் கையில் வாங்கி, "இவ்வளவுதானா?" என்று கேட்டார். அதற்கு இன்றளவும் என்னிடம் விடையில்லை.

ஆண்டு முடிவில் மகாசபையைக் கூட்டி, பங்குதாரர் முன் கணக்கை வைப்பது சங்கத்தின் கடமை. பிள்ளையின் கல்வியில் பங்கு போட்டவர்கள் பெற்றோரும் உடன்பிறந்தோருமே. அவர்களுக்குரிய மகாசபை பட்டமளிப்பு விழாவன்றோ? அதைக் கூட்டாமல் விடுவது முறையாகுமா?

தூரம் என்னும் காரணமும் இன்று பெரும்பாலும் இல்லை. 1966-ல் மதுரையில் பல்கலைக் கழகம் தோன்றும்வரை நம் பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக் கழகத்தையே சார்ந்திருந்தன. இன்றோ இராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி போன்றவற்றில் பயில்வோர், தத்தம் கல்லூரியில் நடைபெறும் விழாவிலேயே பட்டம் பெறலாம்.

அங்கி விஷயத்தில் நம் சங்கங்களுக்கும் ஒரு கடமை உண்டு. கருப்பு அங்கி ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த வழக்கம். நம் வெயிலுக்கு ஏற்றதன்று. பட்டமளிப்பு விழா அங்கிகளுக்குக் கைத்தறித் துணியைப் பயன்படுத்துமாறு பல்கலைக் கழக மானியக் குழு 2019-ல் பல்கலைக் கழகங்களைக் கேட்டுக்கொண்டது. இராஜபாளையம் ஆலைகளில் நூற்ற நூலைக் கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்த் தறிகளில் நெய்து, அங்கிகள் தைத்து இருப்பு வைத்து, கல்லூரிகளுக்குக் குறைந்த வாடகையில் அளிக்கச் சங்கங்கள் முன்வருதல் வேண்டும். ஒருமுறை நெய்த அங்கி பல ஆண்டுகள் உழைக்கும். நெசவாளருக்கு வேலையும் மாணவருக்குச் செலவில் குறைவும் உண்டாகும். அடுத்த மகாசபையில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை, பட்டம் பெறும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: எந்த அங்கியாயினும் அணிந்து விழாவுக்குச் செல்லுங்கள். தாய் தந்தையரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தறி ஒரு நாள் நிற்கட்டும்.