தேன் நிறம் தூக்க மருந்தாகாது

ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயதுவந்த ஒருவர் தன் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் மூன்று கஞ்சாச் செடிகள் வரை வளர்க்கலாம். கனடாவின் கூட்டாட்சிச் சட்டம் 2018 அக்டோபர் 17 முதல் ஒரு வீட்டுக்கு நான்கு செடிகளை அனுமதிக்கிறது. உருகுவே அதற்கும் முன்பே, 2013இல், ஆறு செடிகளுக்கு வழிவிட்டது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி உரிமமில்லாமல் செடி வளர்ப்பது குற்றம். ஆகவே இங்கே பேசப்படுவது, வளர்ப்பு சட்டபூர்வமாகிவிட்ட நாடுகளின் விவகாரம். அந்த நாடுகளின் வீட்டு வளர்ப்பாளர்களிடையே அறுவடை பற்றி ஒரு விதி வேதவாக்காகப் பரவியிருக்கிறது. பூவின் மேலுள்ள பிசின் சுரப்பிகளை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். அவை கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தால் பொறுத்திருக்க வேண்டும். பால் வெண்மையானதும் அறுத்தால் மனதுக்கு உற்சாகம் கிடைக்கும். மூன்றில் ஒரு பங்கு தேன் நிறமாகும்வரை காத்திருந்தால் உடல் தளர்ந்து உறக்கம் வரும். அறுவடை நாளைத் தேர்ந்தெடுப்பதன் மூலம் பூவின் விளைவையே தேர்ந்தெடுத்துவிடலாம் என்பதுதான் இந்த விதியின் சாரம். இதன் முதல் பாதியில் உண்மை இருக்கிறது. இரண்டாம் பாதிக்கு ஆதாரம் இல்லை. தூக்கமின்மைக்காகவும் வலிக்காகவும் இந்தச் செடியை நம்பியிருப்பவர்கள்தான் அந்த இரண்டாம் பாதியை மிகுந்த நம்பிக்கையோடு பின்பற்றுகிறார்கள். அதனால்தான் இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் உண்மையான பாதியைப் பார்ப்போம். கஞ்சாவின் பெண்பூவை மூடியிருக்கும் நுண்ணிய சுரப்பித் தூவிகள்தான் அந்தச் செடியின் வேதித் தொழிற்சாலை. 2020இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'ஃபினோலா' என்ற சணல்வகைக் கஞ்சாவை வைத்து இவற்றின் வளர்ச்சியை விரிவாக ஆராய்ந்தார்கள். காம்பில்லாத சுரப்பிகளின் அடித்தட்டில் எட்டு செல்களும், காம்புள்ள பெரிய சுரப்பிகளில் பன்னிரண்டு முதல் பதினாறு செல்கள் வரையும் இருப்பதையும், பூ முதிர முதிரக் காம்புள்ளவை பெருகி அவற்றிலேயே பிசின் அதிகம் சேர்வதையும் அவர்கள் காட்டினார்கள். தெளிவான தலை பால் வெண்மையாவதும், பிறகு பழுப்பேறுவதும் முதிர்ச்சியின் அடையாளங்கள்தான். எல்லாச் சுரப்பிகளும் கண்ணாடிபோல இருக்கும் பூவை அறுப்பவர் அவசரப்படுகிறார். பெரும்பாலானவை பழுப்பேறிய பூவை வைத்திருப்பவர் தாமதித்துவிட்டார். இவ்வளவு தூரம் லென்ஸ் நல்ல கருவி. அந்த லென்ஸ் வழியாக மயக்கத்தின் குணத்தையும் படித்துவிடலாம் என்று சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அந்தக் கூற்றுக்குப் பின்னால் ஒரு வேதியியல் கதை இருக்கிறது. செடி உயிரோடிருக்கும்போது உருவாக்குவது போதை தராத ஓர் அமிலம். சூடு பட்டதும் அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிரிந்து, போதை தரும் டிஹெச்சி ஆகிறது. காற்றும் ஒளியும் வெப்பமும் பட்டு டிஹெச்சி ஆக்சிஜனேற்றம் அடையும்போது சிபிஎன் எனப்படும் கன்னாபினால் உருவாகிறது. பழுப்பேறிய சுரப்பியில் சிபிஎன் இருக்கிறது, சிபிஎன் தூக்கம் தரும், ஆகவே தேன் நிறம் தூக்கம் தரும் என்று வாதம் ஓடுகிறது. இந்தச் சங்கிலியில் கன்னாபினாலுக்குக் கிடைத்திருக்கும் மதிப்புக்குப் பழைய வரலாறும் உண்டு. 1890களில் கேம்பிரிட்ஜில் வுட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்ட் ஆகியோர் கஞ்சாப் பிசினான இந்திய சரஸைப் பகுத்தபோது முதலில் கையில் கிடைத்த பொருள் அதுதான். கஞ்சாவின் வீரியம் முழுவதும் அதில்தான் இருக்கிறது என்று அன்று கருதப்பட்டது. 1964இல் இஸ்ரேலில் கவோனியும் மெக்கூலமும் டிஹெச்சியைத் தூய வடிவில் பிரித்தெடுத்து அதன் அமைப்பை நிறுவிய பிறகே போதைக்கு எது காரணம் என்பது தெளிவானது. பழைய சரக்கில் கன்னாபினால் மிகுதியாக இருந்ததற்குக் காரணம், அது பழையதாக இருந்ததுதான்.

இங்கேதான் சங்கிலியின் முதல் கண்ணி அறுகிறது, அதை அறுப்பது அளவு. 1990களின் இறுதியில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் ராஸும் எல்சோலியும் அறை வெப்பநிலையில் சேமித்து வைக்கப்பட்ட கஞ்சாவை ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் டிஹெச்சியில் சுமார் 17 சதவீதம் இழப்பு. நான்காண்டு முடிவில் சுமார் 41 சதவீதம். டிஹெச்சிக்கும் சிபிஎன்னுக்கும் இடையிலான விகிதத்தை வைத்துச் சரக்கின் வயதைக் கணிக்கலாம் என்பதே அவர்கள் முன்வைத்த முடிவு. அதாவது இந்த மாற்றம் ஆண்டுகளில் எண்ணப்படுவது. செடியில் இன்னும் பத்து நாள் விட்டுவைப்பதால் பூவின் குணம் புரண்டுவிடும் என்று சொல்பவர்கள் இந்த வேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். வெயிலில் நிற்கும் செடியில் சிதைவு சற்று வேகமாக இருக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூவின் எடையில் 20 சதவீதம் டிஹெச்சி, தாராளமாக 1 சதவீதம் சிபிஎன் என்று வைத்துக்கொள்வோம். 0.3 கிராம் பூவில் 60 மில்லிகிராம் டிஹெச்சியும் 3 மில்லிகிராம் சிபிஎன்னும் இருக்கும். புகையாக இழுப்பதில் இரண்டிலுமே ஒரு பகுதிதான் உடலில் சேரும். எவ்வளவு சேர்ந்தாலும் ஒன்றுக்கு இருபது என்ற விகிதம் பெரிதாக மாறப்போவதில்லை. அத்தகைய கலவையில் உறக்கத்தை வரவழைத்தது சிபிஎன்தான் என்று முடிவு கட்ட எந்த நியாயமும் இல்லை.

இரண்டாவது கண்ணி, சிபிஎன் உண்மையிலேயே தூக்கம் தருமா என்பது. 1975இல் பிரேசிலில் கார்னியோலும் சகாக்களும் ஐந்து ஆண்களுக்கு 50 மில்லிகிராம் சிபிஎன்னைத் தனியாகவும், 25 மில்லிகிராம் டிஹெச்சியோடு சேர்த்தும் வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். தனியாகக் கொடுத்தபோது குறிப்பிடத்தக்க விளைவு எதுவும் தெரியவில்லை. டிஹெச்சியோடு சேர்ந்தபோது மயக்கமும் கிறுகிறுப்பும் கூடின. தூக்க மருந்து என்ற புகழ் பல பத்தாண்டுகளாக நின்றது இதுபோன்ற மிகச் சிறிய ஆய்வுகளின் மேல்தான். இருந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த 2021ஆம் ஆண்டின் ஒரு மதிப்பாய்வு, தூக்கம் பற்றிய விளம்பரங்களுக்குப் போதுமான சான்று இல்லை என்றே முடித்தது. அதற்குப் பிறகு வந்த செய்திகளை மறைத்துவிட்டு வாதிடுவது முறையல்ல. தினமும் 20 மில்லிகிராம் சிபிஎன்னை ஏழு இரவுகள் கொடுத்து, போலி மருந்தோடு ஒப்பிட்ட ஒரு சோதனையில் இரவில் விழித்துக்கொள்ளும் தடவைகள் குறைந்தன. ஆனால் தூக்கத்தின் தரம் பற்றிய முதன்மைக் கேள்வியில் புள்ளியியல் அளவில் உறுதியான வேறுபாடு கிடைக்கவில்லை. 2024இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் சிபிஎன் தூக்கத்தைக் கூட்டுவதைக் கண்டார்கள். ஆகவே சிபிஎன்னுக்கு எந்தச் சக்தியும் இல்லை என்று நான் சொல்லவில்லை. தனித்துப் பிரித்து அளந்து கொடுத்த மருந்தின் விளைவைக் காட்டி, பூவில் அங்குமிங்கும் பழுப்பேறிய சில சுரப்பிகளுக்குச் சான்றிதழ் வழங்க முடியாது என்றுதான் சொல்கிறேன்.

பூவின் அடிப்படைக் குணத்தைத் தீர்மானிப்பது விதை. டிஹெச்சி மிகுந்ததா, போதை தராத சிபிடி என்னும் சேர்மம் மிகுந்ததா, இரண்டும் கலந்ததா என்பது பெரும்பாலும் மரபணுவில் எழுதப்பட்டது. டி மெய்யரும் சகாக்களும் 2003இல் வெளியிட்ட கலப்பின ஆய்வு இந்த மரபுவழியைத் தெளிவாகக் காட்டியது. தாமதமாகப் பறித்ததால் மல்கோவா நீலம் மாம்பழமாக மாறுவதில்லை. அறுவடை நாள் மாற்றக்கூடியது அளவை. பூக்கும் காலத்தில் பிசின் கூடிக்கொண்டே போய் ஓர் உச்சத்தை எட்டும், பிறகு மெல்லச் சரியும். அந்த உச்சமும் எல்லா வகைகளுக்கும் ஒரே வாரத்தில் வருவதில்லை. பாஸ்க் நாட்டு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட அளவீடுகளில், டிஹெச்சி ஆதிக்கமுள்ள செடிகளைவிடக் கலப்பு வகைகளும் சிபிடி வகைகளும் உச்சத்தை எட்ட அதிக காலம் எடுத்துக்கொண்டன. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் புஞ்சாவின் குழு 2023இல் செய்த ஆய்வும், சுரப்பிகளின் முதிர்ச்சி செடியின் வயதோடு அதன் மரபையும் பொறுத்தது என்றே காட்டியது. அப்படியிருக்க, எல்லாச் செடிகளுக்கும் 'முப்பது சதவீதம் தேன் நிறம்' என்று ஒரே அளவுகோலை நீட்டுவது எப்படிச் சரியாகும்?

அந்த அளவுகோலை வைத்து அளப்பதும் எளிதில்லை. பூவை ஒட்டிய சிறு இலைகளின் சுரப்பிகள் பூவிதழ்களில் உள்ளவற்றைவிட முன்பே பழுப்பேறிவிடும். உச்சிப் பூ முதிரும்போது கீழ்க்கிளைப் பூ பின்தங்கியிருக்கும். கை பட்டாலும், கிளை உரசினாலும், கடும் வெயில் அடித்தாலும் சுரப்பி நிறம் மாறும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே உள்ள தலைகளை மஞ்சள் விளக்கின் கீழ் கைலென்ஸால் எண்ணிச் சதவீதம் சொல்பவர், உண்மையில் எண்ணுவதில்லை, ஊகிக்கிறார். வெளுத்த சூலகமுடிகள் செம்பழுப்பாவதை வைத்து நாள் குறிப்பவர்களின் நிலையும் இதேதான். மகரந்தம் பட்டாலே அவை சுருங்கிப் பழுப்பாகும், முதிர்ச்சிக்காகக் காத்திருக்காது.

இதற்கு வரும் வலுவான மறுப்பு அனுபவத்திலிருந்து வருகிறது. பல ஆண்டுகள் வளர்த்தவர்கள், தாமதமாக அறுத்த பூ உடலை அழுத்துகிறது என்று உறுதியாகச் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அவர்கள் உணர்ந்ததற்கு வேறு விளக்கங்கள் இருக்கின்றன என்கிறேன். சற்று முந்தி அறுத்த பூவைவிட உச்சத்தில் அறுத்ததில் டிஹெச்சி கூடுதலாக இருக்கும், அதிக டிஹெச்சியே பலரைச் சோர்வடையச் செய்யும். எளிதில் ஆவியாகும் மணப்பொருட்கள் காலப்போக்கில் குறைவதால் வாசனையும் முகர்ந்ததும் எழும் உணர்வும் மாறும். இந்த மாற்றம் உண்மையானது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது உறக்கத்தை உண்டாக்குகிறது என்று மனிதர்களிடம் செய்த ஆய்வில் யாரும் நிறுவவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக எதிர்பார்ப்பு இருக்கிறது. 'இது இரவுக்கானது' என்று சீட்டு ஒட்டிய புட்டியை இரவில்தான் திறக்கிறார்கள், களைத்த உடலோடு, விளக்கை அணைத்துவிட்டு. ஒரே செடியின் முந்திய அறுவடையையும் பிந்திய அறுவடையையும் டிஹெச்சி அளவைச் சமப்படுத்தி, எது எதுவென்று சொல்லாமல் கொடுத்து ஒப்பிட்டால்தான் அனுபவம் சான்றாகும். அந்தச் சோதனையைச் செய்யாதவரை எத்தனை பேர் சொன்னாலும் அது சாட்சியங்களின் எண்ணிக்கையைத்தான் கூட்டும், வலிமையைக் கூட்டாது.

நம்பிக்கை தவறாகவே இருக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களும் உண்டு. நஷ்டம் இருக்கிறது, அது முதலில் தோட்டத்திலேயே தெரியும். ஜெர்மனியிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் வெளியில் வளரும் செடிகள் முதிர்வது செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும்தான். இரவுகள் குளிர்ந்து, பனி இறங்கி, மழை தொடரும் பருவம் அது. கொத்துக் கொத்தாக இறுகிய பூவுக்குள் ஈரம் தங்கினால் சாம்பல் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். வெளியே நலமாகத் தோன்றும் பூவின் நடுக்காம்பு உள்ளுக்குள் அழுகியிருக்கும். தேன் நிறம் வரட்டும் என்று காத்திருந்த அந்தப் பத்து நாளில் பருவம் முழுவதும் உழைத்தது வீணாகிறது. அழுகலை மட்டும் வெட்டியெறிந்துவிட்டு மிச்சத்தைக் காயவைப்பவர்கள் இன்னும் பெரிய ஆபத்தை வரவழைக்கிறார்கள். கஞ்சாவில் குடியேறும் பூஞ்சைகளில் ஆஸ்பெர்ஜில்லஸும் ஒன்று. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் அதைப் புகையோடு இழுத்து நுரையீரல் தொற்றுக்கு ஆளானது மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரும் உறுப்பு மாற்று பெற்றவரும் உறக்கத்துக்காக இந்தப் பூவைத் தேடுபவர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் 'இன்னும் கொஞ்சம் பழுக்கட்டும்' என்று சொல்வது பொறுப்பான பேச்சு ஆகாது.

இரண்டாவது நஷ்டம் அளவு பற்றிய குழப்பம். பழுத்த பூ 'மென்மையானது, தூங்கத்தான் வைக்கும்' என்று நம்புபவர், அதில் டிஹெச்சி அப்படியே இருப்பதை மறந்து தாராளமாகப் பயன்படுத்துவார். பதற்றமும் படபடப்பும் வந்தால் பூ போதுமான அளவு பழுக்கவில்லை என்று சொல்லி அடுத்த பருவத்தில் இன்னும் தள்ளிப்போடுவார். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டியவர் லென்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூச்சுத்திணறலோடு வரும் உறக்கக் கோளாறும், மனச்சோர்வும், மாத்திரைகளின் பக்கவிளைவும் எந்தச் சுரப்பியின் நிறத்தாலும் தீராது.

அறுவடையைத் தீர்மானிக்க வேண்டியவர் பார்க்கவேண்டியவை வேறு பல இருக்க, நிறத்துக்கு அதற்குரிய சிறிய இடத்தைக் கொடுத்தால் போதும். புதிய சூலகமுடிகள் விடுவது நின்றிருக்கிறதா, பூவிதழ்கள் பருத்திருக்கின்றனவா, பெரும்பாலான சுரப்பிகளில் தெளிவு போய் வெண்மை வந்திருக்கிறதா என்று பூவிதழ்களிலேயே, செடியின் பல இடங்களில் பார்க்கலாம். விதை விற்பவர் தரும் வாரக்கணக்கைத் தோராயமான வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் தொடர்மழை என்று வானிலை அறிக்கை சொன்னால், வெண்மை வந்துவிட்ட பூவை இன்றே அறுப்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம், இழப்பது அளவில் சிறிதளவுதான். சிபிடி வேண்டுபவர் சிபிடி மிகுந்த விதையை வாங்க வேண்டும். குறைந்த போதை வேண்டுபவர் டிஹெச்சி குறைந்த வகையைத் தேட வேண்டும், அறுத்த பிறகு முடிந்தால் ஆய்வகத்தில் அளந்து பார்க்கவும் வேண்டும். சிபிஎன் வேண்டும் என்றே ஒருவர் தீர்மானித்திருந்தால், அனுமதியுள்ள நாடுகளில் அளவு குறிப்பிட்டு விற்கப்படும் பொருளை மருத்துவர் அறிய வாங்குவதே வழி. அக்டோபர் மழையில் செடியை நிறுத்திவைத்து அதைத் தயாரித்துக்கொள்ள முடியாது.