முதலுக்கே மோசம்

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்திலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரையிலும், ஆய்வு செய்து எல்லை வரையறுக்கும் வரை புதிய கட்டடங்களுக்கு அனுமதி தரக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. "கொக்குக்கும் நாரைக்கும் இடம் விட்டால் நம் வியாபாரம் என்னாவது?" என்று கேட்கும் வணிகர்கள் உண்டு. குடியிருப்பு பெருகினால் வாடிக்கையாளர் பெருகுவர் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் வரவு மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. பற்றையும் நாம் பார்க்க வேண்டும்.

தென்சென்னையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் இந்தச் சதுப்பில் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்த நிலம் இது. குப்பைக் கிடங்கு, சாலை, ரயில் நிலையம், அரசு அலுவலகங்கள், அடுக்குமாடிகள் என்று நாலாபுறமும் நெருக்கியதில் பெரும்பகுதி போய்விட்டது. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பூநாரையும் ஊசிவால் வாத்தும் உள்ளானும் குளிர்காலத்தில் வந்து இறங்குவது இங்கேதான். பறவை நிற்கும் அந்த ஆழமற்ற நீர்ப்பரப்புதான் மழைக்காலத்தில் வெள்ளத்தைத் தாங்குகிறது. அதை மண் கொட்டி மூடினால், தண்ணீர் வேறு இடம் தேடும்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அது தேடிப் போன இடங்களில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் அடக்கம். மாடியில் குடியிருப்பவர் சில நாள் அவதிப்பட்டு மீள்வார். கடையும் கிட்டங்கியும் தரைத்தளத்தில் அல்லவா இருக்கின்றன? நனைந்த சர்க்கரை மூட்டையை எந்த விலைக்கும் விற்க முடியாது. அரிசி புழுங்கி நாறும். தராசும் குளிர்பெட்டியும் கெடும். கடனுக்கு எடுத்த சரக்கு நனையலாம். மண்டிக்குத் தர வேண்டிய பணம் நனைவதில்லை. காப்பீடு எடுத்த சிறு கடைகள் குறைவு. எடுத்திருந்தாலும், கணக்குப் புத்தகமே ஊறிப் போனபின் இருப்பு இவ்வளவு என்று எதைக் காட்டி நிரூபிப்பது? புது வாடிக்கையாளர்களால் பல ஆண்டுகளில் வரும் லாபத்தை ஒரே இரவு கொண்டுபோய்விடும். இது லாப நஷ்டப் பேச்சல்ல, முதலுக்கே மோசம்.

முறையாகப் பட்டா பெற்றுச் சிறு மனை வாங்கியவர்களின் வருத்தம் நியாயமானது. அதற்குப் பரிகாரம் சதுப்பைத் திறந்துவிடுவதல்ல. எது சதுப்பு, எது பட்டா நிலம் என்பது சர்வே எண் வாரியாக எவரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். தரையில் எல்லைக்கல் நிற்க வேண்டும். ஒக்கியம் மடுவும் ஏரிக் கால்வாய்களும் ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் தூர் வாரப்பட வேண்டும்.

நம் பங்கும் உண்டு. வாடகை மலிவு என்று மண் கொட்டி மேடாக்கிய இடத்தில் கிட்டங்கி பிடிக்க வேண்டாம். சர்வே எண்ணைப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். 2019 ஜனவரி முதல் தடையில் உள்ள பிளாஸ்டிக் பை கால்வாயை அடைக்காமலிருக்க, அதைக் கொள்முதல் செய்வதையே நிறுத்துவோம்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். பள்ளிக்கரணையில் இயற்கையே அதைப் போட்டு வைத்திருக்கிறது. அதைக் காக்கக் கோரி ஒவ்வொரு கிளைச் சங்கமும் தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்ப வேண்டுகிறோம்.