ஒரே பெட்டிக்குள் நாலு டிஸ்க்: இது பாதுகாப்பா?



காணி உறுதிகள், பெர்மிட்டுகள், பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், பாடசாலையின் பழைய இடாப்புகள் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி வைக்க வேண்டும் என்ற பேச்சு ஊரில் நடக்கிறது. மாஷா அல்லாஹ், எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை. அதற்கு நாலு ஹார்ட் டிஸ்க் போடும் பெட்டியொன்று வாங்கப் போகிறார்களாம். "ரெய்ட் போட்டால் ஒரு டிஸ்க் செத்தாலும் ஒன்றும் அழியாது, பிறகு கவலையே இல்லை" என்று சொல்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கணனி படிப்பிக்கும் நாங்கள் இதைக் கேட்டுச் சும்மா இருக்க முடியாது.

ரெய்ட் பொய்யில்லை. ரெய்ட் 1 என்றால் ஒரே தரவு இரண்டு டிஸ்க்கில் எழுதப்படும். ரெய்ட் 5இல் நாலு டிஸ்க்கில் ஒன்று பழுதானால் மற்ற மூன்றையும் வைத்து அதை மீளக் கட்டலாம். ரெய்ட் 0 போட்டால் மட்டும், ஒன்று போனால் எல்லாம் போகும். ஆனால் ரெய்ட் வந்தது வேலை நிற்காமல் ஓடுவதற்காக. வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அது தேவை. நமக்கு வேலை ஒரு நாள் நின்றால் என்ன குறை? கடதாசி தொலையக்கூடாது, அதுதான் நமது தேவை.

யாரோ தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் ரெய்ட் அதை எல்லா டிஸ்க்கிலும் அந்த நொடியே அழிக்கும். வைரஸ் வந்தாலும் அப்படித்தான். இடி விழுந்தால், கள்ளன் தூக்கிப் போனால், நாலும் சேர்ந்தே போகும். ஒரு உறுதியை நாலு போட்டோப் பிரதி எடுத்து, நாலையும் ஒரே அலுமாரியில் பூட்டி வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அலுமாரிக் கதையை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது நம்மில் எத்தனை பேரின் பத்திரங்கள் வீட்டோடு போயின? யுத்தம் முடிந்து திரும்பி வந்தால் வளவெல்லாம் காடு. 2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காடு வர்த்தமானி வந்தபோது, இது எங்கள் காணி என்று சொல்லக் கையில் கடதாசி இல்லாமல் நின்ற குடும்பங்கள் எத்தனை? அந்தப் பாடத்துக்குப் பிறகும் எல்லாவற்றையும் ஒரே அறையில் வைக்கப் போகிறோமா?

பெரிய இடங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2023இல் நமது அரசாங்கத்தின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டை ரான்சம்வெயார் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த நாட்களுக்கு, இணைப்பிலிருந்து கழற்றித் தனியாக வைத்த பிரதி இருக்கவில்லை. அவர்களிடம் இல்லாத டிஸ்க்கா?

கணக்கையும் பாருங்கள். ஒரு பக்கம் 2 எம்பி என்று வைத்தால் பத்தாயிரம் பக்கம் 20 ஜிபி. இதற்கு நாலு டிஸ்க் பெட்டி எதற்கு? அந்தக் காசில் சாதாரண வெளி ஹார்ட் டிஸ்க் மூன்று வாங்குவோம். ஒன்று பள்ளிவாசலில் இருக்கட்டும். ஒன்று புத்தளத்தில் நமது சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். மற்றது கொழும்பில். மாதம் ஒருமுறை புதியதைச் சேர்த்து, வேலை முடிந்ததும் கழற்றி வைப்போம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்போம், கோப்பு விரிகிறதா என்று. திறந்து பார்க்காத பிரதி பிரதியே இல்லை. ஆட்களின் அடையாள அட்டை, காணி விபரம் எல்லாம் அதில் இருப்பதால் கடவுச்சொல் போட்டுப் பூட்டுவது கட்டாயம். அந்தக் கடவுச்சொல் ஒருவர் மனதில் மட்டும் இருக்கக்கூடாது.

இவ்வளவும் செய்த பிறகு காசு மிஞ்சினால் ரெய்ட் பெட்டியும் வாங்குங்கள், நாங்களே வந்து பூட்டித் தருகிறோம். அதற்கு முதல் அதை வாங்கிவிட்டு "கவலை முடிந்தது" என்று யாரும் சொல்ல வேண்டாம். கூட்டத்தில் எங்கள் கேள்வி ஒன்றுதான்: நாளைக்கு அந்த அறை இல்லாமல் போனால், நமது உறுதிகள் வேறு எங்கே இருக்கின்றன?